ஆண்டவர் கேசு

குடையை மடக்கி நிலைப்படியில் இரண்டு முறை தட்டி, "ஊசிக்காரி வந்திருக்கன். சண்டை ஏதாச்சும் நடந்தா நிறுத்திக்குங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் ரோசம்மாள் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவார். உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தால் உண்மையிலேயே நின்றுவிடும். நடக்காத வீட்டில் சிரிப்பார்கள். எப்படியும் கதவு திறந்துவிடும்.

கம்பைநல்லூருக்கும் மொரப்பூருக்கும் நடுவே ஐந்து சிற்றூர்களுக்கு அவர்தான் அரசாங்க நர்ஸ். ஊர்ப் பெயர்களை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கறுத்த, குள்ளமான உருவம். கழுத்தில் மாதா சுரூபம் கோத்த கறுப்புக் கயிறு. தோளில் துணிப்பை, அதற்குள் பஞ்சு, ஊசி, தெர்மாமீட்டர், குழந்தைகளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு. எந்த வீட்டிலும் காப்பி குடிக்க மாட்டார். மோர் கொடுத்தால் இரண்டு சொம்பு குடிப்பார்.

நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் வீடும் அவர் தங்கி மருந்து கொடுக்கும் சப்சென்டரும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. அதனால் அவர் தனியாகப் பேசுவது எனக்குக் கேட்கும். முதலில் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கடவுளிடம் பேசுகிறார். செபப்புத்தகத்தில் உள்ளதுபோல் 'நீர், உமது' என்றெல்லாம் கிடையாது. பெரிய டாக்டரிடம் பேசுவது போல, மரியாதையாக, கொஞ்சம் அவசரமாக. "ஏங்க ஆண்டவரே, இன்னிக்கு மொரப்பூர் பஸ்ஸு லேட்டு, தோத்திரம். லேட்டானதாலதான் அந்தக் காச்சக்கார அம்மாவைப் பாத்தன்." மேலதிகாரி மெமோ அனுப்பினாலும் தோத்திரம். "மெமோன்னா வேலையில இருக்கறன்னு அர்த்தம் சார். வேலையில இல்லாதவளுக்கு யாரு மெமோ குடுப்பாங்க?"

அந்தப் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'கேசு'. "இது என் கேசு, நான் பாத்துக்கறன். அது உங்க கேசு, நீங்க பாத்துக்கங்க." பஸ் ஏறும் முன்பே அன்றைய வழக்குகள் பிரிந்துவிடும்.

எனக்கு மனு எழுதுவதில் கொஞ்சம் பெயர் உண்டு. தெருவிளக்கு எரியாததற்கும் எழுதுவேன், தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதற்கும் எழுதுவேன். எந்த அநியாயத்தையும் விடக்கூடாது என்பது என் கட்சி. ஆகவே, 'ஆண்டவர் கேசு' என்று அவர் சொல்வதெல்லாம் கோழைத்தனம் என்றுதான் பல நாள் நினைத்திருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு ஐப்பசியில் ஒன்பது நாள் என்னை மாற்றிவிட்டது.

ஊரிலிருந்து அரை மைல் தள்ளி மாதையன் வீடு. கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் என் வகுப்பில் படித்தாள். அந்த ஐப்பசியில் அவன் மனைவி முனியம்மாளுக்கு வீட்டிலேயே மூன்றாவது பிரசவம் ஆனது. மூன்றாவதும் பெண்.

மறுநாள் காலை ரோசம்மாள் போனபோது முனியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மார்பில் பால் கட்டியிருந்தது. குழந்தையின் வாய் காய்ந்திருந்தது. வீட்டில் யாரும் பேசவில்லை. இந்தப் பக்கத்தில் இருபது வருடம் நர்ஸாக இருப்பவருக்கு அந்த மௌனத்தின் பொருள் தெரியும். "எல்லாச் சனத்துலயும் உண்டு சார். எங்க வேதக்காரங்க வூட்லயும் இந்த மாதிரி நான் ஒக்காந்திருக்கன்" என்று பின்னால் சொன்னார்.

அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தராசை உத்தரத்தில் மாட்டினார். குழந்தையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். "ரெண்டு கிலோ எழுநூறு. நல்ல வெயிட்டு" என்று உரக்கச் சொல்லி, நோட்டை விரித்து, எழுத எழுத வாசித்தார். "பெண் குழந்தை. தாய் பேரு முனியம்மாள். தகப்பன் பேரு மாதையன்."

"எழுதாதீங்க" என்றான் மாதையன்.

"எழுதியாச்சுங்க. தொப்புள்கொடி காயற வரைக்கும் நர்சு கூடவே இருக்கணும்னு ரூல்சு. நான் இங்கதான் இருப்பன்."

அப்படி ஒரு விதியே இல்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. "அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிட்டன் சார்" என்றார்.

அன்று மாலை மாதையனைக் கிணற்றடியில் தனியாகப் பார்த்து, ஒரே ஒரு தடவை, குரலை உயர்த்தாமல் சொன்னாராம்: "இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா, என்ன ஆச்சுன்னு எனுக்குத் தெரியும். எந்தக் கோர்ட்டுக்கும் வந்து சொல்லுவன்." அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பாயை முனியம்மாள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் நாள் மாதையன் அவருடைய பையைத் தூக்கித் தெருவில் வீசினான். தெர்மாமீட்டர் உடைந்தது. "வேதக்காரிக்கு எங்க வூட்ல என்ன வேலை? மதம் மாத்த வந்தியா?" என்று கத்தினான். செய்தி உடனே எனக்கு வந்தது. அரசாங்க ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்ததாகப் போலீசுக்கு ஒரு மனு எழுதி, அவர் கையெழுத்து வாங்கப் போனேன். அவர் தெருப்புழுதியில் உட்கார்ந்து, சிதறிய பஞ்சில் சுத்தமானதை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார். மனுவை முழுக்கப் படித்தார்.

"எழுத்து அழகா இருக்குது. வச்சிக்கங்க சார்."

"ஏன்? அவன் செய்தது சரியா?"

"தப்புதான். ஆனா போலீசு வந்தா அவன் கோவம் எம்மேல வராது, அந்தப் பச்ச மண்ணு மேல எறங்கும். ரெண்டு நாளு ஸ்டேசன்ல இருப்பான், மூணாம் நாளு வூட்டுக்கு வந்துடுவான். அப்ப என்னை உள்ள விடுவானா? பையை வீசினது எனுக்குச் செஞ்சதுங்க. அது ஆண்டவர் கேசு. புள்ளதான் என் கேசு."

பஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் அதே வீட்டுக்குள் போனார். படியில் இரண்டு முறை தட்டவும் மறக்கவில்லை.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவருடைய கணவர் அல்போன்ஸ் சைக்கிளில் வந்து என் வீட்டு வாசலில் இறங்கினார். ரயில்வேயில் கேங்மேன், அதிகம் பேசாத மனிதர். அன்று முகம் வெளிறியிருந்தது. வழி காட்டுவதற்காகக் கூடப் போனேன். போகும்போதே விஷயத்தைச் சொன்னார்.

அவர்கள் ஊர்க் கோயிலில் ரோசம்மாள் மாதா சபைக்குத் தலைவி. அவர் பெண்களைக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிறார், திருச்சபைக்கு விரோதமான வேலை செய்கிறவருக்குப் பூசையில் நற்கருணை அப்பம் கொடுக்கலாமா என்று பங்குச் சாமியாருக்கு யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். அன்று பூசை முடிந்து கூட்டம். ரோசம்மாள் வந்து பதில் சொல்ல வேண்டும்.

அந்த விஷயத்தில் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். கேட்கிற பெண்ணைத் துணைக்குக் கூட்டிப்போவார். கேட்காதவளை வற்புறுத்த மாட்டார். அதனால் வருடா வருடம் ஆபரேஷன் டார்கெட்டுக்கு ஆள் குறையும், மெமோ வரும். சாமியார் ஒன்று சொல்வார், டாக்டர் ஒன்று சொல்வார். "ரெண்டு பேரும் என்னைவிடப் படிச்சவங்க. நடுவுல நிக்கறவ நான். செத்து மேல போனா ஆண்டவர் கேப்பாரு. அப்ப அவர்கிட்டயே சொல்லிக்கறன்" என்பார்.

மாதையன் வீட்டு வேலியருகே நின்று அல்போன்ஸ் கெஞ்சினார். "ரெண்டு வார்த்த சொல்லிட்டு வந்துடு ரோசா. வரலன்னா ஒத்துக்கிட்டாள்னு ஆயிடும். எழுதினது யாருன்னுகூட உனக்குத் தெரியும்."

தெரியும்தான். சாமியார் முன்பே கடிதத்தைக் காட்டியிருந்தார். சபை அறிவிப்புகளை எழுதும் ராஜமேரியின் கையெழுத்தை, சபைத் தலைவிக்கு அடையாளம் தெரியாதா?

ரோசம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முனியம்மாள் இன்னும் குழந்தையைத் தானாக வாங்கவில்லை. இவர்தான் எடுத்து எடுத்து மார்பில் வைத்துப் பால் கொடுக்கச் செய்துகொண்டிருந்தார். மாதையன் அன்று வேலைக்குப் போகாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போல அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

"போறதுக்கு, கூட்டத்துக்கு, திரும்பறதுக்குன்னு ஆறு மணி நேரம் ஆவும். என் பேரு போனா திரும்ப வரும். வராமலும் போவும். அது ஆண்டவருக்குத் தெரியும். இந்தப் புள்ள போனா?" என்றார். "நீங்க போய்ப் பூசை பாருங்க. நான் வரலன்னு சொல்லிடுங்க. வேற ஒன்னும் சொல்லாதீங்க. இந்த வூட்டுச் சேதி அங்க தெரியக்கூடாது."

சைக்கிள் போன பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். இதையெல்லாம் மாதையனும் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கிட்டே வந்தான். அந்த வாரத்தில் முதல் தடவையாக மரியாதையாகப் பேசினான்.

"எங்க வூட்டுப் புள்ளைக்கோசரம் உங்களுக்கு ஏங்க இவ்ளோ?"

"எனுக்கு ரெண்டும் பசங்க. பொண்ணு ஒன்னு குடுங்கன்னு ஆண்டவர் கால்ல வுழுந்து கேட்டன், குடுக்கல. உனக்குக் கேக்காமயே மூணு குடுத்திருக்கறாரு. பொறாமைப்பா, வேற என்ன?"

மாதையன் சிரிக்கவில்லை. ஆனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனான். ஏழாம் நாள் முனியம்மாள் தானே கை நீட்டிக் குழந்தையை வாங்கிப் பால் கொடுத்தாள். எட்டாம் நாள் எடை பார்க்கும்போது, துணி அவிழ்ந்துவிடப் போகிறதென்று மாதையன் அடியில் கை வைத்துத் தாங்கிக்கொண்டான். ஒன்பதாம் நாள் ரோசம்மாள் பாயைச் சுருட்டினார். "நவநாள் முடிஞ்சுது. தோத்திரம்."

கோயிலில் அவருடைய பதவி போய்விட்டது. ராஜமேரி தலைவியானாள். சாமியார் நற்கருணையை மறுக்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்லவர். ஆனால் முன்வரிசையில் சபைத் தலைவிக்குரிய நீலப்பட்டை போட்டு நின்றவர் அன்றுமுதல் கடைசி வரிசைக்குப் போனார். எனக்கு ஆறவில்லை. ஒரு மாலை, சுவருக்கு அப்பாலிருந்து வழக்கமான தோத்திரங்கள் வந்துகொண்டிருந்தபோது எழுந்து போய்க் கேட்டே விட்டேன்.

"உங்கள் ஆண்டவர் அந்தக் கேசை இன்னும் கையில் எடுக்கவில்லையா?"

"அவருக்கு வேற வேலை இல்லையா சார்? என்னிக்கோ எடுப்பாரு. எடுக்காட்டியும் கேக்க மாட்டன். குடுத்துட்டுப் பின்னாலயே போயிக் கேக்கறதா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஒரே ஒரு கேசு அவர்கிட்ட தப்பா குடுத்துட்டன் சார். அஞ்சு வருசத்துக்கு முன்னால. இதே மாதிரி ஒரு வூடு. எல்லாரும் மொறச்சிப் பாத்தாங்க. பஸ்ஸு வேற வந்துடுச்சு. 'ஆண்டவரே, நீங்க பாத்துக்கங்க'ன்னு சொல்லிட்டு ஏறிட்டன். காலையில போனன். புள்ள இல்ல. நான் அவர்கிட்ட குடுத்தது பக்தியால இல்ல சார், பயத்தால. அன்னியிலருந்து என்னையே கேட்டுப் பாப்பன். பயந்துகிட்டு அவர்கிட்ட தள்றனா? அப்ப அது என் கேசு. கோவத்துல விடமாட்டன்னு புடிச்சிக்கிட்டு நிக்கறனா? அப்ப அது அவர் கேசு."

அன்று நான் வீட்டுக்கு வந்து, பாதி எழுதி வைத்திருந்த இரண்டு மனுக்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றை முடித்துத் தபாலில் போட்டேன். கோபத்தில் தொடங்கியிருந்த மற்றதைக் கிழித்தேன்.

போன மாதம் ரோசம்மாள் ஊரில் மாதா திருவிழா. முந்தின நாளே மாதையன் என்னிடம் வந்து, "பாப்பா நல்லா பேசுதுங்க. நர்சம்மாவுக்குத் திருவிழா அன்னிக்குக் காட்டலாம்னு. வழி தெரியாது, நீங்க வரீங்களா?" என்றான். மூவரும் பஸ் ஏறினோம். பாப்பாவின் பெயர் சித்ரா. இரண்டு வயது நிறைய இன்னும் ஒரு மாதம். ஜன்னலில் கண்ட ஒவ்வொரு மாட்டையும் எங்களுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டே வந்தாள்.

பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. வாசலில் செருப்புகள் மலையாகக் கிடந்தன. ரோசம்மாள் எங்களைக் கண்டதும் ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். உச்சி முகர்ந்தார், பல்லை எண்ணினார், பழக்கதோஷத்தில் தூக்கி எடை பார்த்தார். நீலப்பட்டையோடு பக்கத்தில் வந்து நின்ற பெண்மணி, "யாரு புள்ளைங்க இது?" என்று கேட்டாள். அவள்தான் ராஜமேரி.

மாதையனுக்கு அது தெரியாது. வெள்ளந்தியாகச் சொன்னான்: "எம் புள்ளதாங்க. நான் புத்தி கெட்டுப் போயி இருந்தன். நர்சம்மா ஒம்போது நாளு எங்க வூட்லயே ஒக்காந்து காப்பாத்திக் குடுத்தாங்க. ஒரு ஞாயித்துக்கெழம இங்க என்னமோ கூட்டமாம். வூட்டுக்காரரு வந்து அவ்ளோ கூப்பிட்டும் எழுந்து போவலிங்க."

ராஜமேரியின் முகம் வெளுத்துவிட்டது. நான் ரோசம்மாளைப் பார்த்தேன். இரண்டு வருடமாக நான் காத்திருந்த நிமிடம் அது. ஒரு சொல் போதும்.

"இந்தாங்க ராஜமேரி, கொஞ்சம் புடிங்க. செருப்பைத் தேடணும்" என்று குழந்தையை அவள் கைகளில் கொடுத்தார் ரோசம்மாள்.

குழந்தை ராஜமேரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. ரோசம்மாளின் செருப்பு அவர் காலடியிலேயே கிடந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பாமல், குனிந்தபடி, மற்றவர்களின் செருப்புகளை ஒவ்வொன்றாக நகர்த்தித் தேடிக்கொண்டே இருந்தார்.