மயக்கம் வேண்டாம்

மணி பார்க்கக் கற்றுக்கொண்ட புதிதில் நான் வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக விடவில்லை. கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். சித்திக்குக் கடைவாய்ப் பல் சீழ் வைத்துக் கன்னம் பணியாரம் மாதிரி உப்பியது அந்தச் சமயத்தில்தான். எழுபதுகளில், நாங்கள் கருங்குழியில் இருந்தபோது.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். திருப்போரூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். இந்தக் கன்னத்தோடு யார் முன்னால் போய் நிற்பது? மாத்திரைக்கும் வீக்கம் அடங்கவில்லை. பல்லைப் பிடுங்கிவிட வேண்டியதுதான் என்று மாமா உத்தரவு போட்டார். மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். அவர் வைத்ததுதான் சட்டம். நானும் கூட வரவேண்டும் என்று சித்தி பிடிவாதம் பிடித்தாள். பாலாற்றுப் பாலத்தில் பஸ் குலுங்கியபோதெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

செங்கல்பட்டில் பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். ஈறில் ஊசி போட்டால் அந்தப் பக்கம் மட்டும் மரத்துப் போகும். ஆனால் சீழ் கட்டிய இடத்தில் ஊசி சரியாகப் பிடிக்காது, வலிக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் முழு மயக்கம் கொடுப்பார்கள். தூங்கி எழுந்தால் பல் இருக்காது.

"மயக்கமே குடுத்துடலாம் சார். இது வலி தாங்காது," என்றார் மாமா.

"வாணாம். ஊசியே போதும்," என்றாள் சித்தி.

"இன்னாத்துக்கு வாணாங்கற? வலிக்கும்னு சொல்றாரு இல்ல?"

"வலிச்சா வலிச்சிட்டுப் போவுது. மயக்கம் மட்டும் வாணாண்ணா."

எல்லாம் மாமா சொன்ன கதையால் வந்த வினை. அவருடைய சிநேகிதர் ஒருவருக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்ததாம். மயக்கம் தெளிகிற நேரத்தில், மதுராந்தகத்தில் தனக்கு இன்னொரு வீடு இருப்பதைப் பக்கத்தில் நின்ற சம்சாரத்திடமே அவர் ஒப்பித்துவிட்டாராம். "மயக்கத்துல மனசுல கீறதெல்லாம் வாய்க்கு வந்துரும்" என்று சாப்பாட்டு நேரத்தில் மாமா சொல்ல, எல்லோரும் சிரித்தோம். சித்தி மட்டும் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனாள். பல் வலி என்று நான் நினைத்தேன்.

வீட்டில் புலியான மாமா, தட்டில் இருந்த குறடைப் பார்த்ததும் வெற்றிலை போட வெளியே நழுவினார். நான் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரத்துப் போகும் என்றார்களே, கன்னம் நிஜமாகவே மரமாகிவிடுமோ என்று தொட்டுப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருந்தது.

டாக்டர் சொன்னபடியே ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. குறடு பல்லை அசைத்தபோது சித்தியின் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. குறடு வழுக்கி டாக்டர் கையை எடுத்த நொடியில் அவள் அலறினாள். அம்மா என்றோ முருகா என்றோ அல்ல.

"மணி... மணி..."

கண்ணை இறுக்க மூடியிருந்தாள். பாவம், எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம் அவளுக்கு எப்படித் தெரியும்?

"பத்தே முக்கால் சித்தி," என்றேன்.

"மணி!" என்றாள் மறுபடியும்.

"இன்னும் பத்தே முக்கால்தான் சித்தி."

டாக்டர் என்னை ஒரு பார்வை, சித்தியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பல்லை எடுத்து முடித்தார்.

வெளியே வந்ததும் மாமா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "இன்னாடி, அப்பிடிக் கத்துனா? இன்னா சொன்னா உள்ள?"

என் தோளில் இருந்த சித்தியின் கை கல்லாக இறுகியது.

"மணி கேட்டுச்சு மாமா. ரெண்டு வாட்டி கேட்டுச்சு. நான் கரெக்டா சொல்லிட்டேன்."

"பல்லப் புடுங்கசொல்ல மணி கேக்குது பாரேன்! எங்க வூட்டுப் பொண்ணுன்னா சும்மாவா?" மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பல் போனால் சொல் போச்சு என்று பஸ்ஸில் கேலியும் செய்தார். சித்தி வாய் நிறையப் பஞ்சோடு இருந்தாள். வீடு வரும்வரை என் கையை விடாமல் பொலபொலவென்று அழுதுகொண்டு வந்தாள்.

திருப்போரூர்க்காரர்கள் வந்தார்கள், பெண் பிடித்திருக்கிறது என்றார்கள். தாம்பூலம் மாற்றுவதற்குள் சித்தி, பஸ் நிற்கும் இடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவரோடு போய்விட்டாள். அதுவரை சைக்கிள்கார அண்ணன் என்றே நான் அவரைக் கூப்பிட்டு வந்தேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவருக்குப் 'படுபாவி' என்ற ஒரே பெயர்தான்.

குழந்தை பிறந்த சேதி கேட்டதும் அம்மாவின் கோபம் கரைந்தது. மாமாவுக்குத் தெரியாமல் என்னை அழைத்துக்கொண்டு மகாபலிபுரம் போனாள். அங்கே சைக்கிள்கார அண்ணன் கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகை சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது யாரோ வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இன்னா மணி?" என்று குரல் கொடுத்தார்.

நான் அவசரமாகச் சுவரைப் பார்த்தேன். அந்த வீட்டில் கடிகாரமே இல்லை.

"தோ வரேன்," என்று சைக்கிள்கார அண்ணன் எழுந்து போனார். பக்கத்து வீட்டில் மணி பார்த்துவரப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். மடியில் குழந்தை குலுங்க, பல் போன இடம் தெரிய, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு என்னை இழுத்து, அன்றைக்கு நகம் பதிந்த உள்ளங்கையை விரித்து முத்தம் கொடுத்தாள். எனக்கோ, ஒருத்தர் வாசலில் வந்து மணி கேட்டும் சொல்ல முடியாமல் போய்விட்டதே என்று ஒரே வெட்கம்.