அடிமண்

நேற்று எலுமிச்சம்பழம் பிழியும்போது கை தவறி நாலைந்து சொட்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. சுர்ரென்று ஒரு சின்னச் சத்தம். வெள்ளையாக நுரை பொங்கி அடங்கியது. மருமகள் துணி எடுத்து வருவதற்குள் நான் அல்லிநகரம் போய்விட்டேன், நாற்பது வருஷத்துக்கு முந்திய அல்லிநகரத்துக்கு.

அங்கே ஒரு கன்றுப் பண்ணையில் எனக்கு வேலை. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டால் பாதி விவசாயம் வந்துவிட்டதாக நினைப்பு. சாணமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்த வாடை சட்டையை விட்டுப் போகாது. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட மூக்கைச் சுளித்தார்கள்.

கன்று கேட்டு வருகிறவர்களிடம் முதலாளி முதலில் கேட்பது, "மலைக்கா, கீழுக்கா?" குளிரில் வளர்கிற கமலா ஆரஞ்சு கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலில் கருகிவிடும், கீழே சாத்துக்குடிதான். அடுத்தது மண். மேல்மண்ணை அவர் நம்ப மாட்டார். இடுப்பளவு குழி தோண்டி அடிமண் கொண்டுவரச் சொல்லி, அதில் எலுமிச்சை பிழிவார். நுரைத்தால் கீழே சுக்கான், அதாவது சுண்ணாம்பு இறுகிப்போன பாறை. கன்று கிடையாது என்று அனுப்பிவிடுவார்.

முதலாளி பத்து நாள் மலைக்குப் போயிருந்தபோது மார்க்கையன்கோட்டையிலிருந்து வீரணன் வந்தார். துண்டில் முடிந்திருந்த அடிமண்ணில் பிழிந்தேன். சீறிக்கொண்டு பொங்கியது.

"வச்சா வராதோ?" என்றார்.

"மூணு வருசம் செழிப்பா வரும்ணே. அப்புறம் வேரு சுக்கான்ல முட்டிப் பட்டுப்போகும்."

அவர் நுரை அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது மேக்காலப் புஞ்சை மண்ணு. எனக்கும் தம்பிக்கும் பாகம் பிரிக்கப் போறோம். நாளைக்கு அவன் மேல்மண்ணக் கொண்டாருவான். நீங்க நல்ல மண்ணுன்னு சொல்லிட்டா மேக்கயே கேட்டு வாங்கிக்கிருவான். ஆத்தோரத்து வயலு எனக்கு நிக்கும்."

எழுந்தவர், துண்டை உதறியபடி சாதாரணமாகச் சொன்னார்: "ஒங்க அக்கா எங்க தெருவுலதான வாக்கப்பட்டிருக்கு. நல்லா இருக்காக. நல்லா இருக்கட்டும்."

மறுநாள் தம்பி சுருளி மனைவி பேச்சியம்மாளோடு வந்தான். மேல்மண் நுரைக்கவில்லை. "நல்ல மண்ணு" என்றேன்.

"அடிமண்ணு பாக்கணும்பாகளேண்ணே?" என்றாள் பேச்சியம்மாள்.

"தேவையில்லம்மா."

அந்த வாரமே பாகம் பிரித்து மேற்குப் புஞ்சையை வாங்கிக்கொண்டு இருவரும் மறுபடி வந்தார்கள்; சுருளி சிரித்துக்கொண்டே வண்டி நிறையக் கன்று ஏற்றினான். அவள் வண்டியிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சுருளி தோட்டத்துக்கு இழுத்துப் போவான். கருகருவென்று நின்றன மரங்கள். "எல்லாம் ஒங்க கைராசி" என்பான். ஊரே மெச்சியது. நானோ துளிரைப் பார்க்காமல் மண்ணையே பார்த்தபடி நடப்பேன். வீரணன் தன் வயல் வரப்பில் நின்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கையெடுத்து வணக்கம்கூடச் சொல்வார்.

மூன்றாம் வருஷம் காய்த்தது. நான்காம் வருஷம் நுனி இலைகள் வெளுத்தன. சுருளி எருப் போட்டான், தண்ணீர் கட்டினான். வரிசை வரிசையாகக் குச்சி காய்ந்தது.

ஒரு காலையில் பேச்சியம்மாள் தனியாகப் பண்ணைக்கு வந்து வெள்ளைப் பாறைத் துண்டு ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"கடப்பாறையே எறங்கலண்ணே. இது அங்கன இருக்குறது ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியாது."

அவள் கல்லை எடுக்காமலே போய்விட்டாள். அந்த வருஷமே இருவரும் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறினார்கள். மலைக்காய்ச்சலில் சுருளி போய்விட்டான். அவள் மட்டும் இறங்கி வந்து சுருளிப்பட்டியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். போகவேண்டும், போகவேண்டும் என்றே வருஷங்கள் ஓடின.

முதலாளி இல்லை. பண்ணை இருந்த இடத்தில் மரக்கடை. மேற்குப் புஞ்சையில் செங்கல் சூளை. வீரணன் ஆற்றோரத்து வயலைக் கடைசிவரை அனுபவித்துவிட்டுத்தான் போனார். அக்காவும் போன பிறகு, இனி யாருக்குப் பயம் என்று சுருளிப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். வீடு பூட்டியிருந்தது.

"போன ஆடியிலதான் தவறிப்போனாக" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "என்ன விசயமா வந்தீக?"

"தெரியும்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"யாரத் தெரியும், பேச்சியம்மாளையா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.