இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும்

செல்வியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புனேயில், கட்கி பஸ் ஸ்டாப்பில் அவளே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் டைப் செய்துகொண்டிருந்தாள். அந்த லேபுக்கு, வீட்டிலிருந்தே ரிப்போர்ட் பார்க்கும் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தது எங்கள் சின்ன கம்பெனி. நான் அங்கே டெஸ்டர். இரண்டாயிரத்துக்குச் சற்றே பிந்திய வருடங்கள் அவை. இன்டர்நெட்டில் ரிப்போர்ட் என்பதே அப்போது பெரிய பெருமை.

நடந்தது இதுதான். கல்யாணம் நிச்சயமான பையனும் பெண்ணும் ஒன்றாக வந்து ரத்தம் கொடுத்தார்கள். பெண்ணின் ரிப்போர்ட்டில் இருந்த ஒரு விஷயம், அவள் வீட்டுக்குத் தெரியும் முன்பே பையன் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணம் நின்றது. அது என்ன விஷயம் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு தடவை வெளியே போனதே போதும்.

பெண்ணின் வீடு செல்வி குடியிருந்த லைன் வீடுகளிலேயே இருந்தது. டைப் செய்தவளும் அவள், பக்கத்து வீட்டுக்காரியும் அவள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். லேபை நடத்திய டாக்டருக்கு வேறு யாரையும் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

"லைன்ல யாரும் பேச மாட்டேங்கறாங்க அக்கா. தண்ணி புடிக்கப் போனாக்கூட நகந்துக்கறாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க போட்டுக் குடுத்த சாஃப்ட்வேர்தானே, அதுல பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள்.

'நம்முடையது இல்லை'

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் எழுதிய புரோகிராமை எல்லாம் சோதிப்போம். லைப்ரரி என்றால், அதாவது வேறு யாரோ எழுதி வைத்ததை வெளியிலிருந்து எடுத்துப் போட்ட புரோகிராம் என்றால், டெஸ்ட் பிளானில் 'நம்முடையது இல்லை' என்று எழுதி ஒதுக்கிவிடுவோம். கேட்பவருக்கு ரிப்போர்ட் ஃபைலை எடுத்துக் கொடுத்தது அப்படி ஒரு இலவச லைப்ரரி.

ஒவ்வொருவர் ரிப்போர்ட்டும் அவரவர் எண் போட்ட ஃபோல்டரில் இருக்கும். ரிப்போர்ட் பார்க்கும் இன்டர்நெட் முகவரியில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டால், 'ஒரு ஃபோல்டர் மேலே போ' என்று அர்த்தம். மேலே போனவர் அடுத்தவர் ஃபோல்டருக்குள் இறங்கிவிடலாம். எங்கள் புரோகிராம் அதைத் தடுத்தது. ஆனால் அதே புள்ளியைச் சதவீதக் குறி சேர்த்து வேறு விதமாக எழுதினால் எங்கள் புரோகிராமுக்கு அடையாளம் தெரியவில்லை. லைப்ரரியோ அதை உள்ளே வாங்கி, மறுபடி புள்ளியாக்கி, கேட்ட ஃபைலை எடுத்துக் கொடுத்தது. ஒன்றாக வந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண். பையனுக்குக் கொடுத்த லிங்கிலிருந்து அப்படி ஒரு முகவரி வந்திருந்தது சர்வர் பதிவில் தெரிந்தது. பெண்ணின் ரிப்போர்ட்டை அங்கிருந்து யாரோ திறந்திருக்கிறார்கள்.

என் அப்பா வேலை பார்த்த வெடிமருந்து ஃபேக்டரியில் கேட்டிலும் பாஸ் பார்ப்பார்கள், உள்ளே ஒவ்வொரு பட்டறை வாசலிலும் பார்ப்பார்கள். எங்களிடம் கேட் மட்டும்தான் இருந்தது.

எங்கள் முதலாளி ராகவன் சாரிடம் காட்டினேன்.

"பேட்ச் போட்டுடு. லேபுக்கு ரெகுலர் அப்டேட்னு சொல்லிக்கலாம்."

"ஓட்டை அடைஞ்சிடும் சார். செல்வி பேரு?"

"கான்ட்ராக்ட் போயிடும்மா. ஆபீஸ்ல எல்லார் சம்பளமும் அதுலதான் வருது."

எனக்குக் கோபம் வந்தது. பேட்ச் போடும் முன்பே, அன்று மதியம் லேபுக்குப் போய்விட்டேன்.

டாக்டரின் அறை

டாக்டர் மராட்டிக்காரர்; இந்தியில்தான் பேசினோம். அவர் நம்பவில்லை. அவருடைய ரிப்போர்ட் ஏதாவது இதில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. எண்ணைச் சொன்னார். என் அம்மாவின் ரிப்போர்ட் லிங்கைத் திறந்து, முகவரியை மாற்றி அடித்தேன். டாக்டரின் சர்க்கரை அளவு திரையில் வந்தது. அறையில் நாங்கள் இருவர் மட்டுமே. ஆனாலும் அவர் கை சட்டென்று போய்த் திரையை மறைத்தது.

"தோ செல்வி நே நஹீ பதாயா" என்றார் மெதுவாக. செல்வி சொல்லவில்லை.

அவளைத் திரும்பக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. "டாக்டருக்குத் தெரிஞ்சு என்ன அக்கா? அந்த வீட்டுல வந்து சொல்லுங்க. அப்புறம் போறேன்" என்றாள்.

இதற்குள் டாக்டர் ராகவன் சாரைப் போனில் வறுத்தெடுத்திருந்தார். சார் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, "வாம்மா, நாம சொல்லலேன்னா வேற யாரு சொல்றது" என்றார்.

பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்தார். சார் நின்றபடியே சொன்னார்: "தப்பு எங்க சாஃப்ட்வேர்ல. செல்வி யார்கிட்டயும் சொல்லல." பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். செல்வி அழுதாள். எனக்கு மனசு லேசானது.

அப்போது உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை.

"அப்ப யாரு வேணா பாத்திருக்கலாமா?" என்று கேட்டாள்.

சார் என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஓட்டையை அடைத்தோம். லைப்ரரி எழுதியவருக்கும் தெரிவித்தோம், அவரும் திருத்தினார். செல்வி வேலைக்குத் திரும்பினாள். கான்ட்ராக்ட் போய்விட்டது.

இளம் டெஸ்டர்களுக்கு நான் சொல்வது: முகவரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், குறிகளையெல்லாம் பிரித்து முடித்தபின் அது எந்த ஃபோல்டரில் போய் நிற்கிறது என்று பாருங்கள். யார் எழுதிய லைப்ரரியாக இருந்தாலும் நம் வேலைக்குள் வந்துவிட்டால் நம்முடையதுதான். மீட்டிங்கில் யாராவது 'அது நம்முடையது இல்லை' என்றால் நான் விடுவதில்லை, சண்டைக்குப் போகிறேன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அந்த 'ஆமாம்மா'வை இன்னொரு வாசலில் நின்று சொல்ல என்னால் முடியாது.