கனக்கும் குழந்தை

நியூயார்க்குக்கு ரயில் தூரத்தில் உள்ள வெஸ்ட் வின்ட்சரில் குடியேறிய மறு வருடம் பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஐரோப்பியக் கலை வரலாறு படிக்கச் சேர்ந்தேன். கலையின் மேல் ஆசை என்று சொன்னால் அது பொய். கணவரோடு ஒட்டிக்கொண்டு வந்த விசாவில் வேலை பார்க்க முடியாது, படிக்கலாம். என் மகளைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்த்துக்கொள்ளும் நேரத்துக்குப் பொருந்திய வகுப்பு அது ஒன்றுதான். அதில் நல்ல கிரேடு வாங்கினால் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கலாம், பட்டம் வாங்கலாம், அப்புறம் எனக்கென்று ஒரு வேலை. அந்த வழியில் எது குறுக்கே வந்தாலும் விடுவதில்லை என்றிருந்தேன்.

பருவத் தேர்வில் வந்த கேள்வி, மறுமலர்ச்சிக் கலை எப்படித் தோன்றியது, அதன் குணம் என்ன என்பது. எனக்குத் தெரிந்த முறையில்தான் படித்திருந்தேன். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி, அந்த அத்தியாயத்தைக் கமாகூடத் தவறாமல் நெட்டுரு போட்டிருந்தேன். இத்தாலிய வணிக நகரங்கள், படம் வரையக் காசு கொடுத்த பணக்காரக் குடும்பங்கள், மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்த பழைய ரோமானியச் சிலைகள், தட்டைச் சுவரில் தூரத்தைக் காட்டக் கற்றுக்கொண்ட ஓவியர்கள் எல்லாவற்றையும் விடைத்தாளில் கொட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் ஆசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர், அதிர்ந்து பேசாதவர். விடைத்தாளையும் பாடப்புத்தகத்தையும் அருகருகே வைத்து, இது காப்பி என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. புத்தகத்தை மூடி வையுங்கள் என்றேன். முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவில்லை.

"நம்புகிறேன். நீங்கள் பார்த்து எழுதவில்லை. ஆனால் இதில் ஒரு வரியாவது நீங்கள் யோசித்ததா?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் இதற்கு மேடையில் ஏற்றிக் கைதட்டியிருப்பார்கள். அவருக்கு அது எப்படிப் புரியும்? மனப்பாடமானாலும் புத்தக வரியை அப்படியே எழுதினால் இங்கே அது காப்பிதான் என்றவர், கடைசியில் இரண்டு வழி சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பிலிருந்து விலகிவிட்டால் எங்கும் பதிவாகாது. இல்லையென்றால் நியூயார்க் அருங்காட்சியகத்தில் மறுமலர்ச்சிக்கு முந்தைய ஓவியம் ஒன்று, மறுமலர்ச்சிக் கால ஓவியம் ஒன்று, இரண்டின் முன்னும் நின்று பார்த்து அதே கேள்விக்குப் புத்தகமில்லாமல் பதில் எழுத வேண்டும். அதுவும் தேறாவிட்டால் ஃபெயில்.

"டிராப் பண்ணிடேன், அடுத்த செமஸ்டர்ல அக்கவுன்டிங் மாதிரி ஏதாவது எடுத்துக்கலாம்" என்றார் கணவர்.

"டிராப் பண்ண மாட்டேன்."

"ஃபெயில் ஆனா ட்ரான்ஸ்கிரிப்ட்ல அப்படியே நிக்கும்மா. யூனிவர்சிட்டியில அதைத்தான் முதல்ல பாப்பாங்க."

"நிக்கட்டுங்க. காப்பின்னு சொன்னதுக்கு அப்புறம் பயந்து ஓடினா அது எனக்குள்ள நிக்கும்."

வெள்ளிக்கிழமை தாண்டியது. சனிக்கிழமை கணவருக்கு ஆபீஸ், ஆன்ட்டியும் ஊரில் இல்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறினேன்.

அருங்காட்சியகத்தில் முதல் ஓவியம் தங்கப் பின்னணியில் மேரியும் குழந்தையும். பார்த்ததும் எனக்கு நம் வீட்டுப் படம் போலத்தான் இருந்தது. பூஜை அலமாரியில் இருக்கும் தஞ்சாவூர்ப் படத்திலும் இதே தங்கம்தான், நேராக நம்மைப் பார்க்கும் இதே கண்தான். குழந்தைக்குப் பெரிய மனிதர் முகம். அம்மாவின் கைமேல் காற்றில் உட்கார்ந்திருந்தது. வரையத் தெரியாமல் வரைந்தது என்று புத்தகம் சொன்னதை நான் அங்கேயே தள்ளுபடி செய்தேன். அது கும்பிடுவதற்காக வரைந்த படம். கும்பிடும் சாமிக்கு எடை எதற்கு?

அடுத்த கூடத்தில் இரண்டாவது ஓவியம். அதே அம்மா, அதே குழந்தை. பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. மனப்பாடம் செய்த வரிகள்தான் வரிசைகட்டி வந்தன. மகள் வேறு என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். இடுப்பு விட்டுப்போகிற வலியில் அவளை மேலே ஏற்றி, தொடையை இறுக்கிப் பிடித்தேன். அப்போதுதான் படத்திலிருந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். அவள் விரல்களும் குழந்தையின் தொடைச் சதையில் அமுங்கியிருந்தன. தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவளுக்கும் கனத்தது.

பெஞ்சில் உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு, கோணல்மாணலாக எழுதினேன். யாரோ ஓர் ஓவியன், பிள்ளை தூக்கி அலுத்த உண்மையான ஒரு பெண்ணை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறான். காசு கொடுத்த வணிகனும் தன் வீட்டில் பார்க்கிற மாதிரி அம்மாவும் பிள்ளையும் வேண்டும் என்று கேட்டிருப்பான். தோண்டியெடுத்த பழைய சிலைகளிலிருந்து உடம்புக்குக் கனம் உண்டு என்று மறுபடி கற்றிருக்கிறார்கள். அதிலிருந்துதான் கடவுளுக்கு எடை வந்தது. இதுதான் மறுமலர்ச்சி என்று முடித்தேன். இலக்கணப் பிழைகள் நிறைய இருந்தன, திருத்த நேரமில்லை.

வகுப்பில் எனக்கு பி கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்கு அது போதும்.

"பி தானா?" என்றார் கணவர். என் பள்ளிக்கூட நாள் நூற்றுக்கு நூறுகளையெல்லாம் என் அப்பா சொல்லிக் கேட்டவர், கேட்கத்தான் செய்வார்.

"பி தாங்க. ஆனா அந்த நூறெல்லாம் யாரோ எழுதினதுக்குக் குடுத்தது. இது எனக்கே எனக்குக் குடுத்தது."