பாதித் தட்டு மீ கோரேங்

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம். மலேசியாவில் பாடாங் செராய்க்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நானும் என் கணவரும் பால் எடுக்க மரம் சீவிக்கொண்டிருந்தோம். வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும். அதனால் டவுனில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் சேர்த்தே தீருவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

சம்பள நாளில் டவுனுக்குப் போய் ஆளுக்கு ஒரு தட்டு மீ கோரேங் என்னும் காரமான வறுத்த நூடுல்ஸ் சாப்பிடுவது எங்கள் வழக்கம். நான் முதலில் நிறுத்தியது அதைத்தான். பிறகு படம், பூ, பால் விட்ட தேநீர் எல்லாம் நின்றன. அவர் சம்பள நாளில் மட்டும் டவுனிலிருந்து தாமதமாக வர ஆரம்பித்தார். கேட்டால் சாமான் வாங்கியதாகச் சொல்வார்.

பக்கத்து வீட்டு அக்கா சும்மா இருப்பாரா?

"எதுக்கும் கள்ளுக்கடைப் பக்கம் ஒரு எட்டு பாத்துட்டு வா லா! நீ இங்க சேக்கிற, அங்க யாரு கரைக்கிறாங்கன்னு தெரிஞ்சிரும்."

அடுத்த சம்பள நாள் மத்தியானம், அவர் போனதற்கு அடுத்த பஸ்ஸில் நானும் போனேன். கள்ளுக்கடையைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். அங்கே அவர் இல்லை. நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடையில், சுவரைப் பார்த்தபடி மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியோடு நிறுத்தி, மீதியைக் கட்டச் சொன்னார். கூச்சத்தில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கடைக்கார அண்ணன் பார்த்துவிட்டார்.

"வா தங்கச்சி! மாசாமாசம் உனக்குன்னு பாதி கட்டிக்கிட்டுப் போறாரே, காரம் சரியா இருக்கா?"

ஒரு பொட்டலம்கூட என் கைக்கு வந்ததில்லை. என் கணவர் எழுந்து நின்றுவிட்டார்.

"உனக்குத்தான் கட்டுவேன். பஸ் ஏறப் போறப்ப பயம் வந்துரும். ஏன் செலவு பண்ணீங்கன்னு கேப்பியே. அங்கயே யாருக்காச்சும் குடுத்துட்டு வந்துருவேன்."

எதிரில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு வாயிலேயே கண்ணும் மூக்கும் ஒழுகின.

"அதான் கேட்டேன்ல, காரம் சரியான்னு!" என்று ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார் கடைக்காரர். அழுததை அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து சம்பளத்தில் சேமிப்பு, மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சேர்த்து விற்ற காசில் எங்கள் சந்தோஷம் என்று பிரித்துக்கொண்டோம். வீடு ஒரு வருடம் தள்ளித்தான் வந்தது. இன்றும் எதையாவது மிச்சம் பிடிக்க நினைத்தால், அதனால் வீட்டில் ஒருவர் எனக்குப் பயப்பட வேண்டி வருமா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.