அவரைப் பிஞ்சு

தம்பியைப் புதைத்துவிட்டு வந்த பிறகும் அம்மா தூளியை அவிழ்க்க விடவில்லை. அவளுடைய பழைய சேலையில் கட்டிய தூளி, உத்தரத்திலிருந்து வெறுமனே தொங்கியது. ஃபேரர் பார்க் பக்கம் அப்பாவுக்கு வேலையிடத்தில் கொடுத்திருந்த லயத்து வரிசை வீட்டில் இருந்ததே ஓர் அறை. எங்கே திரும்பினாலும் அந்தத் தூளி என் தலையில் இடிக்கும். எனக்கு எட்டு வயது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். சொன்னால் அப்பா முறைப்பார் என்று தலையைக் குனிந்தே நடக்கப் பழகிக்கொண்டேன்.

அம்மா பேசுவதையும் நிறுத்திவிட்டாள். தூளிக்குப் பக்கத்தில் பாயை விரித்து, மல்லாந்து படுத்து, உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பாதான் சமைத்தார். அவர் வைத்த ரசத்தைச் சாப்பிட்டால் யாருக்குமே பேச்சு வராது என்பது வேறு விஷயம்.

ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது உத்தரம் முனகியது. வயிறு நிறையப் பால் குடித்த பிள்ளை தொண்டைக்குள்ளேயே முனகுமே, அதே சத்தம். அப்புறம் தூளிக்குள் ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். தம்பியின் தலை இருந்த இடத்தில் வெளிறிய தூள் ஒரு கை அளவு குவிந்து கிடந்தது. அம்மா அசையவே இல்லை. உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று சைகை காட்டினாள்.

நான் சும்மா இருப்பேனா? பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் ஓடினேன். அவர் வந்தார், தூளைத் தொட்டார், முகர்ந்தார், கண்ணை மூடி நெற்றியில் இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான். பிள்ளை தெய்வமாகி வீட்டில் திருநீறு கொட்டுகிறது என்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. சூடம் வந்தது, வாழைப்பழம் வந்தது, ஒரு டம்ளரில் பால்கூட வந்தது. எல்லோரும் பூசிக்கொண்டார்கள். எனக்கும் பூசிவிட்டார்கள். நெற்றியில் தம்பியின் கை பட்டது போலிருந்தது. அன்று நான் சோறே சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர், எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாதவர். நாற்காலியில் ஏறி உத்தரத்தைத் தடவியவர், தூளி கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் விரல் நுழைகிற அளவில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். பெரியம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகக் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கருவண்டு வந்தது. வெயிலில் அதன் சிறகு நீலமாக மின்னியது. காலெல்லாம் மஞ்சள் பூந்தூள். அது ஓட்டையில் உட்காரப் போகும்போது மாமா செருப்பால் ஒரே அடி அடித்தார்.

"இந்தா பாருங்க லா, உங்க சாமி" என்றார். "மரத்தைத் துளை போட்ட தூளை எல்லாரும் நெத்தியில பூசிட்டுத் திரியுறீங்க."

பெரியம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே போனார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. மாமா அதோடு விடாமல், ஓட்டையை அடைக்க டப்பாவில் தார் கொண்டுவந்தார். அப்போதுதான் அம்மா பாயிலிருந்து எழுந்து நின்றாள்.

"அடைக்காதடா."

அத்தனை நாளாக நாங்கள் கேட்காத குரல். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா விட்டுவிடச் சொன்னார். அம்மா செத்த வண்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.

கொல்லையில் அவள் எப்போதோ போட்ட அவரைப் பந்தல் வாடிக் கிடந்தது. மறுநாளிலிருந்து அதற்கு விடியற்காலையிலேயே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். கொடி தழைத்தது, ஊதாப் பூவாகப் பூத்துத் தள்ளியது. அவள் தேறிவிட்டாள் என்று அப்பாவுக்கு வாயெல்லாம் பல். ஆனால் பூ பிஞ்சு விட்டதும் அம்மா ஒரு காரியம் செய்தாள். நகத்தால் ஒவ்வொரு பிஞ்சாகக் கிள்ளிக் கீழே போட்டாள். சமைக்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. தினமும் இதே வேலை.

பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பிஞ்சைக் கிள்ளிப் போடுகிறாள் என்றால் அவளை என்னவோ பிடித்திருக்கிறது, வீட்டில் இன்னொரு பிள்ளை இருப்பதை மறந்துவிடாதே என்றார். அந்த இன்னொரு பிள்ளை கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது. அம்மாவைக் கப்பலேற்றி ஊருக்கு, அவளுடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அப்பா முடிவெடுத்தார். போனால் எப்போது வருவாள் என்று யாரும் சொல்லவில்லை.

நான் பந்தலுக்கு ஓடினேன். ஏன் கிள்ளுகிறாய் என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"காயை முத்த விட்டா பூக்குறது நின்னு போயிரும்" என்றாள் அம்மா, கையை நிறுத்தாமல்.

இது போதும், அம்மா தப்பித்தாள் என்று அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் சொன்னேன். பூவை வைத்துக்கொண்டு என்ன குழம்பா வைப்பது என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கப்பல் விஷயம் பேச மாமா வந்தார். அறையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். பேச்சை எப்படி எடுப்பது என்று மாமா தொண்டையைக் கனைத்தார். அவருக்குப் பதில் சொல்வதுபோல உத்தரம் முனகியது.

வண்டு செத்ததை நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தவர்கள். அடித்த செருப்பு மாமாவின் காலில்தான் இருந்தது. ஒரு முனகல் இரண்டானது, பிறகு உத்தரத்துக்குள் ஒரு கூட்டமே சேர்ந்து முனகியது. காலியான தூளி லேசாக அதிர்ந்ததைப் பார்த்தேன். மாமா சுவரோடு ஒட்டிக்கொண்டார். அப்பா என்னை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார்.

அம்மா மட்டும் ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்தாள்.

ஓட்டையில் ஒரு கறுப்புத் தலை தெரிந்தது. பளபளவென்று புதிதாக ஒரு வண்டு வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. அறையை ஒரு சுற்றுச் சுற்றி ஜன்னல் வழியாக வெளியேறின. "தம்பியா அம்மா?" என்று எப்படியோ கேட்டேன்.

"தம்பி இனி வரமாட்டான்" என்றாள். "மாமா அடிச்சதுல இதுகளுக்குத்தான் அம்மா இல்லாமப் போச்சு."

சொல்லிவிட்டு நாற்காலியில் ஏறித் தூளியின் முடிச்சை அவிழ்த்தாள். சேலையை உதறி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். மாமா கப்பல் பேச்சை எடுக்கவே இல்லை, அன்றும் சரி, அப்புறமும் சரி.

நான் கொல்லைக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். வண்டுகள் நேராக அவரைப் பந்தலில் போய் விழுந்திருந்தன. ஒவ்வொரு பூவையும் தலையால் முட்டித் திறந்துகொண்டிருந்தன. இருட்டுக்குள் பிறந்தவை, யாரும் காட்டிக்கொடுக்காமல் பக்கத்திலேயே இவ்வளவு பூ இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தன என்று வெகுநேரம் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நின்றேன். அவை வருவதற்கு முன்பே அந்தப் பூக்கள் ஏன் அங்கே காத்திருந்தன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.