மணலுக்கு மேல் நின்ற பாறை

கடல்மீன் தொட்டிக்குள் பாறை அடுக்குவது அவள் தொழில். தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் கல்லுக்காரி. பாறை வெறும் கண்ணாடித் தரையில் உட்கார வேண்டும், அதன் பிறகுதான் மணல். அவள் வைத்த சட்டம் இது. மணல்மேல் பாறையை வைத்தால் மீன் அடியில் தோண்டிச் சாய்த்துவிடும்.

பல் மருத்துவமனைத் தொட்டியில் இன்று அதுதான் நடந்தது. வளைதோண்டி மீன் மணலை வாரித் துப்ப, பெரிய பாறை முன்கண்ணாடியை நோக்கிச் சரிந்தது. வெளியே ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றது.

“குழந்தையத் தூக்குங்க!” என்று கத்தியபடி அவள் தோள்வரை கையை விட்டுத் தாங்கினாள். கூட வேலை செய்யும் கணவன் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தான். இருவருமாகப் பாறையைத் தூக்கி வெளியே தரையில் வைத்தார்கள்.

“மணல முதல்ல கொட்டினீங்களா?” என்று கணவனைக் கேட்டாள்.

“அன்னிக்கு அவசரம்...”

“உங்க அவசரத்துல தீய வைக்க! வேற எங்க இப்படிப் பண்ணீங்க?”

அவன் குனிந்து, சிந்திய தண்ணீரைத் துடைக்கத் தொடங்கினான்.

“கேக்குறேன்ல?”

“நம்ம வீட்டுல.”

மகள் பள்ளிவிட்டு வந்திருப்பாள். அந்தத் தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

கல்லுக்காரி ஈரக் கையோடு வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.